அருவிப் படத்தின் எடை

தென்காசியில் ஒரு மேன்பவர் ஏஜென்சி தனக்கென்று இணையதளம் தொடங்கினால், முகப்பில் எந்தப் படத்தை வைக்கத் தோன்றும்? குற்றாலம் பேரருவியைத்தான். ஊருக்குப் பேர் வாங்கித் தந்த அருவி. டவுன் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் வேலை தேடி வருகிறவரின் கைபேசிக்கு அதைவிடப் பெரிய சுமையை ஏற்றுவது கஷ்டம். படங்களைச் சுருக்கும் கணிதத்துக்கு அருவி என்றால் ஆகாது.

ஏன் ஆகாது என்று பார்ப்போம். இணையத்தில் நாம் பார்க்கும் புகைப்படங்களில் பெரும்பங்கு ஜேபெக் வடிவத்தில் இருப்பவை. 1992இல் தரமாக்கப்பட்ட இந்த முறையின் உள்ளே ஓடுவது, பெங்களூரில் பிறந்த நாசிர் அகமதுவும் அவரோடு டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோரும் 1974இல் வெளியிட்ட ஒரு கணிதம். கொசைன் உருமாற்றம் என்று பெயர். படத்தை நீளத்துக்கு 8, அகலத்துக்கு 8 என்று 64 புள்ளிகள் கொண்ட சிறுசிறு கட்டங்களாக வெட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை 64 வகை அலைகளின் கூட்டாக எழுதுகிறார்கள். மெதுவாக மாறும் அலைகள் சில, படபடவென்று மாறும் அலைகள் பல. நம் கண் படபடப்பான மாற்றங்களை அவ்வளவு துல்லியமாகக் கவனிப்பதில்லை. ஆகவே அவற்றைக் கரடுமுரடாகக் குறித்துக்கொண்டு, மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடலாம். நீல வானத்தின் ஒரு கட்டத்துக்கு இரண்டு மூன்று எண்கள் போதும். பேரருவியில் வானம் எங்கே இருக்கிறது? சிதறும் வெள்ளைத் தண்ணீர், ஈரப்பாறையின் சொரசொரப்பு, மேலே இலை, கீழே எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கும் கூட்டம். எந்தக் கட்டத்தை எடுத்தாலும் படபடப்புதான். தூக்கி எறிய அதிகம் கிடைப்பதில்லை. அதனால் ஒரே அளவுள்ள வானப் படத்தைவிட அருவிப் படம் பல மடங்கு கனக்கிறது.

இன்னொரு கனமும் உண்டு. 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படத்தில் 4000க்கு 3000 புள்ளிகள் இருக்கும். மலிவு விலைக் கைபேசியின் திரை அகலமோ 720 புள்ளிகள்தான். அதே விகிதத்தில் படத்தைக் காட்டினால் 720க்கு 540, அதாவது ஏறக்குறைய 3 லட்சத்து 90 ஆயிரம் புள்ளிகள். 1 கோடியே 20 லட்சம் புள்ளிகளை இறக்கிவிட்டு, நூற்றில் மூன்று பங்கை மட்டும் காட்டுகிறோம். மீதி 97 பங்குக்கும் டேட்டா செலவழித்தவர் வேலை தேடி வந்தவர். படத்தை ஏற்றும் முன்பு அகலத்தைக் குறைத்து, 2010இல் கூகுள் கொண்டுவந்த வெப்பி போன்ற புதிய வடிவத்தில் சேமித்தால் இதில் பெரும்பகுதி போய்விடும். நான் கேட்டால் படமே வேண்டாம் என்பேன். வேலை கேட்டு வருகிறவருக்கு அருவி எப்படி இருக்கும் என்று தெரியும்.

வருகிறவர் யார் என்பதை ஏஜென்சிக்காரர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். 2019 நவம்பர் 22இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசிப் பகுதியில் பீடி சுற்றும் பெண்கள் உண்டு. கடையநல்லூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வளைகுடா நாடுகளுக்குப் போய் வந்த குடும்பங்கள் உண்டு. புளியரை தாண்டிக் கேரளத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. மத்தளம்பாறையில் 2011இல் அலுவலகம் திறந்த சோஹோவைப் பார்த்துக் கணினி வேலைக்கு ஆசைப்படும் பிள்ளைகளும் உண்டு. வேலை தேடுவது அண்ணன், கைபேசியில் பார்ப்பது தங்கை என்பதும் நடக்கும். பெரும்பாலும் கையில் இருப்பது ஒரே ஒரு கைபேசி, அதில் அன்றைக்கு மிச்சமிருக்கும் டேட்டா.

அந்தக் கைபேசிக்குப் பக்கம் எப்படி வந்து சேருகிறது? முகவரியைத் தட்டியதும், அந்தப் பெயர் எந்த எண்ணுக்குரியது என்று ஒரு சேவையகத்தைக் கேட்க வேண்டும். பிறகு தளம் இருக்கும் கணினியோடு கைகுலுக்க வேண்டும். அடுத்து, நடுவில் யாரும் ஒட்டுக்கேட்காதபடி பூட்டுச் சாவி மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் 'பக்கத்தைக் கொடு' என்று கேட்க முடியும். ஏறக்குறைய நான்கு முறை போய்வர வேண்டியிருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். தளம் அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஏதோ ஒரு மலிவு வாடகைக் கணினியில் இருந்தால் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். ஒருமுறை போய்வர 0.14 நொடி. பெயர் கேட்கும் வேலை பக்கத்திலேயே முடிந்துவிட்டாலும், மற்ற மூன்று நடைக்கு 0.4 நொடிக்கு மேல் ஆகும். இது இயற்பியல் விதிக்கும் குறைந்தபட்சம்; உண்மையில் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் நிறைய நிறுத்தங்கள். சென்னையிலோ மும்பையிலோ உள்ள கணினியில் தளத்தை வைத்தால் இந்தச் செலவு பெரும்பாலும் காணாமல் போகும். பல வாடகை நிறுவனங்களில் எந்த ஊர்க் கணினி வேண்டும் என்பது ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் விஷயம், அவ்வளவே.

இணைப்பு கிடைத்ததும் தரவு மொத்தமாகக் கொட்டுவதில்லை. வழி எவ்வளவு தாங்கும் என்று தெரியாததால், அனுப்பும் கணினி முதலில் 10 பொட்டலங்களை மட்டும் விடுகிறது. ஒவ்வொன்றிலும் 1460 பைட் என்று கொண்டால் மொத்தம் 14 கிலோபைட்டுக்குச் சற்று அதிகம். 'வந்து சேர்ந்தது' என்ற பதில் கிடைத்ததும் அடுத்த நடையில் இரட்டிப்பு, அதற்கடுத்து மறுபடி இரட்டிப்பு. ஆக, பக்கத்தின் முக்கியச் செய்தி முதல் 14 கிலோபைட்டுக்குள் அடங்கினால் ஒரே நடையில் வந்துவிடும். 3 மெகாபைட் அருவி, நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் இறங்க 12 நொடி எடுக்கும். அந்த வேகமும் குற்றால சீசனில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு செல்பேசிக் கோபுரத்தின் கொள்ளளவை அந்த நேரத்தில் அங்கே இருக்கும் எல்லோரும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலுக்கு வந்த கூட்டம் ஐந்தருவியிலிருந்து வீடியோ அனுப்பிக்கொண்டிருக்கும்போது, அதே கோபுரத்தடியில் வேலை தேடும் உள்ளூர்க்காரருக்கு மிஞ்சுவது கொஞ்சம். மலையும் ரேடியோ அலையை மறைக்கும்.

மனிதர்கள் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்பதை 1968இலேயே ராபர்ட் மில்லர் எழுதிவிட்டார். பின்னாளில் வந்தவர்கள் அதை மூன்று எல்லைகளாகச் சுருக்கினார்கள். பத்தில் ஒரு நொடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். ஒரு நொடிவரை எண்ண ஓட்டம் அறுபடாது. பத்து நொடி தாண்டினால் மனம் வேறு பக்கம் போய்விடும். கூகுள் இப்போது தளங்களை அளக்கும் கணக்கில், பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். 12 நொடி அருவியைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் ஒரு விசித்திரம். வேலை தேடுபவருக்குப் பக்கத்தில் எது மிகவும் தேவையோ, அதுதான் எடை குறைந்தது. என்ன வேலை, எந்த ஊர், எவ்வளவு சம்பளம், தங்குமிடம் உண்டா, எவ்வளவு பணம் கேட்பீர்கள்: எல்லாம் எழுத்து. தமிழ் எழுத்து கணினியில் ஆங்கிலத்தைவிட அதிக இடம் பிடிக்கும் என்பது உண்மை. இணையத்தில் புழங்கும் யூடிஎஃப்-8 குறிமுறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'வெல்டர்' என்பதில் கொம்பு, புள்ளி உட்பட 7 குறிகள், 21 பைட். ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியின் முதல் இரண்டு பைட்டுகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருபவை. திரும்ப வருவதைச் சுருக்குவதுதான் ஜிஜிப், பிரோட்லி போன்ற முறைகளின் வேலையே. ஒரு வேலைக்கு 300 குறிகள் வீதம் 30 வேலைகளை எழுதினால் 27,000 பைட். சுருக்கினால் பாதிக்கும் கீழே இறங்கி, முதல் 10 பொட்டலங்களுக்குள் முப்பது வேலையும் உட்கார்ந்துவிடும். எழுத்துருவைத் தனியாக இறக்கவும் தேவையில்லை. இன்றைய ஆண்ட்ராய்டு கைபேசிகளில் தமிழ் எழுத்துரு உள்ளேயே இருக்கிறது.

ஆனால் நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? வாட்ஸ்அப்புக்காகச் செய்த போஸ்டரை அப்படியே தளத்தில் ஏற்றுகிறார்கள். மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, ஓரத்தில் விமானம். 900 பைட்டில் சொல்லக்கூடிய செய்தி சில நூறு கிலோபைட் படமாகிறது. மேலே சொன்ன கொசைன் கணிதம் எழுத்துக்கு இன்னும் பெரிய எதிரி. எழுத்தின் விளிம்பு என்பது கறுப்பிலிருந்து வெள்ளைக்குச் சட்டென்று தாவும் இடம். படபடப்பான அலைகளைக் கரடுமுரடாக்கினால் விளிம்பைச் சுற்றி அழுக்குப் படலம் விழும். போஸ்டர் ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து இன்னொன்றுக்குப் படமாகவே சேமித்து அனுப்பப்படும்போதெல்லாம் மறுபடி சுருக்கப்படலாம். அப்புறம் 3 எது, 8 எது என்று தெரியாது. தப்பாகப் படிக்கப்படுவது சம்பளமோ தொலைபேசி எண்ணோ. தவிர, படத்தில் உள்ள எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது. பார்வையற்றவரின் கைபேசி அதைச் சரியாகப் படித்துச் சொல்லும் என்று நம்ப முடியாது. 'தென்காசி டிரைவர் வேலை' என்று தேடுபவருக்குத் தேடுபொறி அதை நம்பிக்கையோடு எடுத்துக் காட்டுவதும் சந்தேகம். போஸ்டரை ஒழிக்க வேண்டாம், அது வாட்ஸ்அப்பில் இருக்கட்டும். தளத்தில் அதே செய்தி எழுத்தாக இருக்க வேண்டும்.

எழுத்தாக இருந்தால் இன்னொரு வசதி. 2011இல் கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து தொடங்கிய ஸ்கீமா என்ற பொதுக் குறியீட்டில், இது வேலை அறிவிப்பு, இது சம்பளம், இது ஊர், இது கடைசித் தேதி என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டலாம். 2018இல் இந்தியாவுக்கு வந்த கூகுளின் வேலைத் தேடல் அந்தச் சீட்டுகளைப் பார்த்துத்தான் அறிவிப்புகளை அடுக்குகிறது. கடைசித் தேதிச் சீட்டு மிக முக்கியம் என்பது என் கருத்து. ஆறு மாதம் முன்பே நிரம்பிவிட்ட இடத்துக்காக ஒருவர் சங்கரன்கோவிலிலிருந்து பஸ் ஏறி வந்து திரும்பிப் போனால், அவர் மட்டுமல்ல, அவர் தெருவே அடுத்த முறை வராது.

பக்கம் வேகமாக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வந்தவர் அங்கே எவ்வளவு நேரம் இருப்பார்? இதற்கு விடை கணினித் துறைக்கு விலங்கியலிலிருந்து வந்தது. இரை தேடும் விலங்கு ஒரு மரத்தை எப்போது விட்டு அடுத்த மரத்துக்குப் போகும் என்று 1976இல் எரிக் சார்னோவ் ஒரு கணக்குப் போட்டார். இந்த மரத்தில் கிடைப்பது, அந்தக் காட்டின் சராசரிக்குக் கீழே போகும் கணத்தில் அது கிளம்பிவிடும். அடுத்த மரம் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் கிளம்பும். தூரத்தில் இருந்தால் இருப்பதைச் சுரண்டித் தின்னும். 1990களில் பீட்டர் பிரோலியும் ஸ்டூவர்ட் கார்டும் இந்தக் கணக்கைத் தகவல் தேடும் மனிதர்களுக்குப் பொருத்தினார்கள். குற்றாலத்துக் குரங்கு சுற்றுலாப் பயணியின் பையை எப்படிப் பார்க்கிறதோ, அப்படித்தான் நாம் இணையப் பக்கத்தைப் பார்க்கிறோம்: உள்ளே தின்பண்டம் இருக்கும் வாசனை அடித்தால் பிடித்து இழுப்போம், இல்லையென்றால் அடுத்த பை. இணையத்தில் அடுத்த பை ஒரு தொடுதல் தூரத்தில் இருப்பதால் பொறுமை இன்னும் குறைவு.

அந்த வாசனை சொற்களில் இருக்கிறது. 'எங்கள் சேவைகள்', 'மேலும் அறிய', 'இங்கே தொடவும்' ஆகியவற்றுக்கு எந்த வாசமும் கிடையாது. 'சவூதி, வெல்டர், சாப்பாடு தங்குமிடம் உண்டு' என்பதற்கு உண்டு. 'கோவை மில், பெண்கள், விடுதி வசதி' என்பதற்கு உண்டு. முகப்பில் நிறுவனர் வாழ்த்துரை இருந்த இடத்தில் இப்படிப் பத்து வரி இருந்தால் போதும். வாழ்த்துரையை 'எங்களைப் பற்றி' பக்கத்துக்கு அனுப்பலாம். அங்கே யாரும் போவதில்லை என்று சொல்ல வந்தேன், அது சரியில்லை. பணம் கேட்கும் கட்டம் வந்தால் எல்லோரும் அங்கேதான் போவார்கள்.

நம்பிக்கை என்பது இந்தத் தொழிலில் பெரிய விஷயம், அதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பி. ஜே. ஃபாக் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தளங்களின் நம்பகத்தன்மை பற்றி மக்கள் எழுதிய கருத்துகளில் 46 சதவீதம் தளத்தின் தோற்றத்தைப் பற்றியதாகவே இருந்தது. இதைப் படித்துவிட்டுத் தோற்றத்தில் பணம் கொட்டுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அழகான தளத்தை ஏமாற்றுக்காரனும் கட்டலாம், அதற்கு ஆகும் செலவு அதிகமில்லை. 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் வேலைச் சந்தையை வைத்தே ஒரு கோட்பாடு எழுதினார். ஓர் அடையாளம் நம்பத் தகுந்ததாக இருக்க வேண்டுமென்றால், பொய்யனுக்கு அதைப் போலி செய்வது கட்டுப்படியாகக் கூடாது என்பது அதன் சாரம். அதற்காக 2001இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கு அப்படி ஓர் அடையாளம் இருக்கிறது. 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி பதிவுச் சான்றிதழ் வேண்டும். அதற்கு வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும், வழக்கமான உரிமத்துக்கு அது 50 லட்சம் ரூபாய். உரிம எண் உண்மையா, நடப்பில் இருக்கிறதா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். தொழிலாளரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 35,400. உரிம எண்ணையும் இந்தத் தொகையையும் முகப்பிலேயே பெரிய எழுத்தில் போடும் ஏஜென்சிக்கு வேறு அலங்காரம் தேவையில்லை. உரிமம் இல்லாமல், வேறொரு ஊர் உரிமக்காரருக்குத் துணை ஏஜென்டாக ஆள் பிடிப்பதைச் சட்டம் ஏற்பதில்லை. அந்தக் குறையை எந்த வலை வடிவமைப்பாளராலும் தீர்க்க முடியாது. உள்நாட்டு வேலைக்கு மட்டும் ஆள் சேர்ப்பவர்களுக்கு இந்த உரிமம் பொருந்தாது. அவர்கள் முழு முகவரியையும், எடுத்த எடுப்பில் பேசக்கூடிய எண்ணையும், யாரிடம் கட்டணம் வாங்குகிறோம் என்பதையும் எழுதினால் போதும்.

விண்ணப்பப் படிவம் இன்னொரு கதை. வெளிநாட்டு வார்ப்புருவை அப்படியே எடுத்துப் போட்டால், 'முதல் பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டாயக் கட்டங்கள் வந்து நிற்கும். இனிஷியலோடு வாழும் தமிழருக்குக் குடும்பப் பெயர் ஏது? ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், ஒருவர் ஊர்ப் பெயரை, ஒருவர் புள்ளி வைத்துத் தப்பிப்பார். இது சிரிப்புக்குரிய விஷயமாக இருந்தது, 2022 நவம்பர் வரை. அந்த மாதம் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல்லாகப் பெயர் உள்ளவர்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆகவே படிவத்தில் ஒரே கட்டம் வைத்து, 'பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப் பெயர்' என்று கேட்பது நல்லது. பெயர் ஒற்றையாக இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். விசா நேரத்தில் தெரிந்தால் செலவு யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

பயோடேட்டா கோப்பைக் கட்டாயமாக்குவதும் தேவையில்லாத வேலி. கொத்தனாரிடம் பயோடேட்டா கோப்பு இருக்காது, கைப்பழக்கம் இருக்கும். பெயர், ஊர், எண், என்ன வேலை தெரியும் என்ற நான்கு கேள்விகள் முதலில் போதும். எண் கட்டத்தில் இங்கே தொலைபேசி எண் வரும் என்று நிரலில் ஒரு சொல் குறித்தால், கைபேசி எழுத்துப் பலகைக்குப் பதிலாக எண் பலகையை விரிக்கும். பொத்தான்களைப் பெரிதாக, தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்லும் அளவு சுமார் 9 மில்லிமீட்டர். தொடுதிரை விரலின் அழுத்தத்தை அல்ல, விரல் நெருங்கும்போது மின்புலம் மாறுவதைத்தான் உணர்கிறது. தண்ணீரும் அதே மாற்றத்தைச் செய்யும் என்பதால் சாரல் விழுந்த திரை தானாகவே எங்கெங்கோ தொடப்பட்டதாக நினைத்துக்கொள்ளும். 'விண்ணப்பி' பொத்தானுக்கு ஒட்டினாற்போல் 'அழி' பொத்தான் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். படத்துக்கு எவ்வளவு உயரம் என்று முன்கூட்டியே நிரலில் எழுதிவைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். இல்லையென்றால் படம் தாமதமாக வந்து விழும்போது பொத்தான் கீழே நகர்ந்து, விரல் வேறெதையோ தொட்டுவிடும்.

இவ்வளவையும் சரிசெய்தபின் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்தால் வேகத்துக்கு மதிப்பெண் வரும். சொற்கள் புரிகின்றனவா என்பதை அது அவ்வளவாகச் சொல்லாது. அதற்கு ஆட்கள் வேண்டும், நிறையப் பேர் வேண்டாம். 1993இல் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லேண்டவரும் போட்ட கணக்கின்படி, ஒரு குறையை ஒரு பயனர் தடுக்கிக் காட்டும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம். தவறவிடும் வாய்ப்பு 0.69. ஐந்து பேரும் தவறவிடும் வாய்ப்பு, 0.69ஐ ஐந்து முறை பெருக்கினால், 0.16க்குச் சற்றுக் கீழே. ஆக ஐந்து பேரிலேயே 84 சதவீதக் குறைகள் வெளியே வந்துவிடும். இந்த 31ஐப் பின்னாளில் பலர் கேள்வி கேட்டிருக்கிறார்கள், பெரிய தளங்களுக்கு அது பொருந்தாது என்று. நாலைந்து பக்கமுள்ள ஏஜென்சித் தளத்துக்கு ஐந்து பேர் நல்ல தொடக்கம், அந்த ஐவரும் ஒரே மாதிரி ஆட்களாக இல்லாதவரை: வளைகுடா போய்த் திரும்பியவர் ஒருவர், பீடி சுற்றும் பெண் ஒருவர், பிளஸ் டூ முடித்த பையன் ஒருவன் என்று கலந்து இருக்க வேண்டும்.

அவரவர் கைபேசியையே கொடுக்கச் சொல்லி, 'கேரளத்தில் உங்களுக்கு ஏற்ற வேலை ஏதாவது இருக்கிறதா, பாருங்கள்' என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்கார வேண்டும். நடுவில் வழிகாட்டக் கூடாது. ஏஜென்சி முதலாளிக்கு இதுதான் மிகவும் சிரமம். முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்பதிலும் அதிகப் பயன் இல்லை. நம் ஊரில் முகத்துக்கு நேரே 'நல்லாத்தான் இருக்கு' என்றுதான் சொல்வார்கள். கட்டைவிரல் எங்கே தயங்கி நின்றது, எந்தப் பக்கத்தில் பின்பொத்தானைத் தேடியது என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம்.